மெலனி கேட்காத லண்டன்

செபமாலைமுத்துவின் மகள் மெலனி லத்தீன் படித்த கதை, லண்டனில் பிளேஸ்டோவிலும் ஃபாரஸ்ட் கேட்டிலும் இருக்கிற மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். ஃபார்மசியில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்புக்குப் போய், இப்போது பூசையில்கூடக் கேட்காத ஒரு மொழியில் முதுகலைப் பட்டம் எடுத்தவள் என்று சொல்வார்கள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும், இதால் என்ன பிரயோசனம் என்ற யோசனையும் சேர்ந்தே வரும். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த கதை வேறு, தனக்குத் தெரிந்த கதை வேறு என்பது போன வருடம்வரை மெலனிக்கே தெரியாது.

மெலனி பிறந்தது ஒல்லாந்தில், ரொட்டர்டாம் நகரத்தில். மன்னாரில் வாத்தியாராக இருந்த செபமாலைமுத்து சண்டைக் காலத்தில் அங்கே போய்ச் சேர்ந்தவர். கண்ணாடிக் கூடாரங்களுக்குள் தக்காளி பிடுங்கிப் பெட்டியில் அடுக்குகிற வேலைதான் அவருக்குக் கிடைத்தது. டச்சு மொழி அவருடைய நாக்கில் ஏறவே இல்லை. மனைவி மெற்றில்டா அப்படியில்லை. ஒரு பேக்கரியில் பாண் விற்க நின்று, வாடிக்கைக்காரக் கிழவிகளோடு கதைத்துக் கதைத்தே மொழியைப் பிடித்துவிட்டாள். பிறந்தநாளுக்குக் கேக்கோடு வீட்டுக்கு வருகிற அளவுக்கு அவளுக்கு அங்கே சிநேகிதிகள் இருந்தார்கள்.

மெற்றில்டா வேலையில் நிற்கிற பகல் நேரங்களில் செபமாலைமுத்துவுக்கு வாய் மெலனிதான். டொக்டரிடம், வரிக் கந்தோரில், கவுன்சிலில் எல்லாம் தகப்பனுக்கும் மேசைக்குப் பின்னால் இருக்கிற ஆளுக்கும் நடுவில் ஒரு கதிரையில் அவள் இருப்பாள். கால் நிலத்தில் முட்டாத வயதிலேயே அவளுக்கு அந்தக் கதிரை பழகிவிட்டது.

ஒல்லாந்தில் சின்னப் பள்ளிக்கூடம் முடிகிறபோது, பிள்ளை அடுத்து எந்த வகைப் பள்ளிக்குப் போகலாம் என்று வகுப்பு ஆசிரியர்தான் சொல்வார். மெலனியின் ஆசிரியை, பிள்ளை கெட்டிக்காரிதான், ஆனாலும் வீட்டில் டச்சுப் பேச்சுக் குறைவு, தொழிற்பள்ளிதான் தோதாக இருக்கும் என்றாள். மெலனி அதைத் தகப்பனுக்குத் தமிழில் சொன்னாள். கோயிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்த செபமாலைமுத்து நிமிர்ந்து இருந்தார்.

"மாட்டன் எண்டு சொல்லு. என்ர பிள்ளை பெரிய படிப்புப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போவாள் எண்டு சொல்லு."

மெலனி சொன்னாள். அங்கே லத்தீனும் கிரேக்கமும் படிப்பிப்பார்கள், அது என்னவென்று உங்கள் அப்பாவுக்குத் தெரியுமா என்று ஆசிரியை மெதுவாகக் கேட்டாள். அதையும் மெலனி தமிழில் சொன்னாள். செபமாலைமுத்து சின்ன வயதில், பூசை லத்தீனில் நடந்த காலத்தில், பீடத்தில் உதவி செய்த பெடியன். அவர் கைகளைக் குவித்துக்கொண்டு, குருவானவர் சொல்வதையும் உதவிக்காரப் பெடியன் சொல்வதையும் மாறி மாறித் தானே லத்தீனில் சொல்லத் தொடங்கினார். நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனார். அந்த அறையில் மெலனி மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் போன ஒரே பேச்சு அதுதான். ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அந்த வருடக் கடைசியில் மெலனிக்கு லத்தீன் படிப்பிக்கிற பள்ளியில் இடம் கிடைத்தது.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த உலகத்தில் எங்கேயும் போகலாம் என்று மெலனிக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு வந்த நல்ல நாட்களை எல்லாம் அவள் அந்த நாளோடுதான் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

புதுப் பள்ளியில் அவளுக்கு ஒரு அறிஞரின் கதை அறிமுகமானது. ஐந்நூறு வருடங்களுக்கு முன், மறுமலர்ச்சிக் காலத்தில், அவளுடைய நகரத்திலேயே பிறந்தவர் அவர். பழைய ரோமானியரும் கிரேக்கரும் எழுதியவற்றைத் தேடிப் படித்து, மனிதனைச் செம்மையாக்க அந்தப் படிப்பு போதும் என்று நம்பியவர்களில் தலையானவர். நகரத்து நடுவில் அவருக்கு வெண்கலத்தில் சிலை இருக்கிறது. பெரியவரான பிறகு அவர் எழுதியதும் வாதாடியதும் மெலனிக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. அவரை அவள் பிடித்துக்கொண்டது அவருடைய பிள்ளைப் பருவத்துக்காக.

அந்த அறிஞரின் தகப்பன் ஒரு குருவானவர். தாய் அவருக்கு முறைப்படி மனைவி ஆக முடியாதவள். அவருக்கு ஒரு அண்ணன் இருந்தான். பையன்கள் இரண்டு பேரும் புதுப்படிப்பின் வாசம் அப்போதுதான் வீசத் தொடங்கியிருந்த ஒரு பள்ளியில் படித்தார்கள். கொள்ளைநோய் வந்து முதலில் தாயையும் பிறகு தகப்பனையும் கொண்டுபோனது. பிள்ளைகளைப் பார்க்க மூன்று பாதுகாவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். பையன்களுக்குப் பல்கலைக்கழகம் போக ஆசை. பாதுகாவலர்களோ அவர்களைத் துறவிகளாக்கிக் கையைக் கழுவப் பார்த்தார்கள். அதற்குத் தோதான ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். பிறகு நயமாகவும் சொன்னார்கள், வெருட்டியும் பார்த்தார்கள். என்ன வந்தாலும் ஒத்துக்கொள்வதில்லை என்று அண்ணனும் தம்பியும் பேசி வைத்திருந்தார்கள். கடைசியில் அண்ணன் ஒத்துக்கொண்டான். தனித்துப்போன தம்பி கொஞ்சக் காலம் இழுத்துப் பறித்துவிட்டு அவனும் மடத்துக்குள் போனான். இதையெல்லாம் அவர் நடு வயதில், ஆறாத கோபத்தோடு, லத்தீனில் எழுதி வைத்தார். அதில் ஒரு பகுதியைப் பதினான்கு வயதில் அகராதியைப் புரட்டிப் புரட்டி வாசித்தபோது, அண்ணன் மாறிய இடத்தை மெலனி திரும்பத் திரும்ப வாசித்தாள்.

அப்போது ரொட்டர்டாமிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தன. அங்கே பிள்ளைகளை இங்கிலிசில் படிப்பிக்கலாம், தமிழ்க் கடை இருக்கிறது, கோயில் இருக்கிறது என்றார்கள். மெலனியின் தம்பி ஜெனோசன் ஒரு நல்ல உதைபந்தாட்டக் குழுவின் சிறுவர் அணியில் விளையாடிக்கொண்டிருந்தான். அவனுக்கும் போக விருப்பமில்லை. அப்பா கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்து மாட்டோம் என்று சொல்ல வேண்டும் என்று அக்காவும் தம்பியும் ஒரு மழை நாளில் டிராம் தரிப்பில் நின்று சத்தியம் செய்தார்கள்.

அப்பா கேட்கவே இல்லை. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுக் கோடை விடுமுறையில், பிளேஸ்டோவில் இருக்கும் பஸ்தியாம்பிள்ளை மாமாவின் மகளுக்குக் கலியாணம், போய்விட்டு வருவோம் என்றார். மெலனி ஒரு சின்னப் பையில் உடுப்பு எடுத்தாள். அடுத்த வருடம் வகுப்போடு ரோமாபுரிக்குப் போவதாக இருந்தது. அங்கே நடக்கவென்று வாங்கிய சப்பாத்தைப் பழுதாக்க வேண்டாமென்று வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

கலியாணம் நன்றாக நடந்தது. விருந்து முடிந்து சில நாட்கள் போனபின், செபமாலைமுத்து மகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு கடையில் இறக்கினார். அங்கே ஒரு பெண் அளவு நாடாவை எடுத்து மெலனியின் தோளில் வைத்தாள். பள்ளிக்கூடச் சீருடைக் கோட்டுக்கான அளவு.

"அப்பா, இது என்னத்துக்கு?"

"இனி இஞ்சைதான் படிப்பு."

"எங்கட வீடு?"

"அதைக் குடுத்தாச்சு."

கடைப் பெண் கையைத் தூக்கச் சொன்னாள். மெலனி தூக்கினாள். எதிரே இருந்த கண்ணாடியில் தன் முகத்துக்குப் பின்னால் தகப்பன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றது அவளுக்கு எப்போதும் ஞாபகம் இருந்தது.

மாமா வீட்டு மேல்மாடியில் ஜெனோசனைப் பிடித்து நிறுத்தி, "உனக்கு முதலே தெரியுமோ?" என்று கேட்டாள்.

"ஓம். எல்லாருக்கும் தெரியும்," என்றான் அவன். கண் சிவந்திருந்தது. "நீ வகுப்போட ஜெர்மனிக்குப் போன நேரம் வீட்டை பிரியாவிடைச் செபம்கூட வைச்சவை."

அதற்கு மேல் அவளால் கேட்க முடியவில்லை. அம்மாவுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், ஊர்ச் சனம் எல்லாருக்கும் தெரியும். தனக்கு மட்டும் தெரியாமல் கூடிச் செபம் செய்திருக்கிறார்கள். டிராம் தரிப்பில் சத்தியம் செய்தவன் அவளிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மெலனி தம்பியோடு சாப்பாடு, சாவி, பாத்ரூம் என்று தேவைக்கு மட்டும்தான் கதைத்தாள். அவனும் அதற்கு மேல் கதைக்க வரவில்லை. அது அவனுடைய குற்ற உணர்ச்சி என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். அம்மாவும் ஏனோ அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அவள் போன லண்டன் பள்ளியில் லத்தீன் கிடையாது. இங்கிலிசை மூச்சுத் திணறப் பிடித்தாள். தகப்பன் காட்டிய வழியில் விஞ்ஞானம் எடுத்து ஃபார்மசி படித்தாள். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கடையில் வேலையும் எடுத்து, அதே இடத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குக் குடிபோனாள். சொந்தமாய்க் கையில் நேரம் கிடைத்ததும் முதல் செய்த வேலை, ஒரு மாலை வகுப்பில் லத்தீனை ஆரம்பத்திலிருந்து மறுபடி தொடங்கியது. வேற்றுமை உருபுகள் மறந்துபோயிருந்தன. ஆனால் அந்த அறிஞரின் கோபம் வரிக்கு வரி நினைவில் இருந்தது. வருடங்கள் ஓடி, முதுகலைப் பட்டத்துக்கு அவள் எழுதிய ஆய்வும் அவருடைய பிள்ளைப் பருவத்தைப் பற்றித்தான். பாதுகாவலர்கள் செய்தது துரோகம், அண்ணன் செய்தது அதைவிடப் பெரிய துரோகம் என்று அவள் எழுதினாள். பரிசோதகர் நல்ல புள்ளி போட்டுவிட்டு, ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். 'அண்ணனின் பக்கத்தை நாம் எங்கும் கேட்டதில்லை. ஒருவர் வாயால் வந்ததை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.' மெலனிக்கு அது பிடிக்கவில்லை.

இதற்கிடையில் செபமாலைமுத்து லண்டனில் வேறு மனிதராகியிருந்தார். மன்னாரில் படித்த இங்கிலிஸ் அவருக்குத் திரும்பி வந்தது. பூசையில் வாசகம் வாசித்தார். பங்கிலே தமிழர் சபைக்குச் செயலாளரானார். யாருக்கு கவுன்சிலில் பிரச்சினை என்றாலும் இவர்தான் கூடப் போய்ப் பேசுவார்.

போன வருடம் ஆவணியில் மடுமாதா திருநாளுக்குப் பங்கு மண்டபத்தில் விருந்து. அந்த வருடம் பட்டம் பெற்ற பிள்ளைகளைப் பாராட்டுவதும் நிகழ்ச்சியில் ஒன்று. மெலனி இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போவதில்லை. அன்று அம்மா கெஞ்சிக் கேட்டபடியால் காலை ஷிப்ட் முடிந்ததும் நேரே வந்தாள். வரும்போது தகப்பன் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். மண்டபம் நிறைந்திருந்ததால் அவள் கதவோரம், சனத்துக்குப் பின்னால் நின்றாள். அவர் அவளைக் காணவில்லை.

"என்ர மகள் பதினைஞ்சு வயசிலை என்னட்டை வந்து கேட்டவள்," என்றார் செபமாலைமுத்து. "அப்பா, இந்த டச்சிலை படிச்சு எனக்கு முன்னுக்கு வர ஏலாது, எனக்கு இங்கிலிசிலை படிக்க வேணும், லண்டனுக்குப் போவம் எண்டு. எனக்கு விருப்பமில்லை. தாய்க்கும் விருப்பமில்லை. ஆனால் பிள்ளை கேட்டிட்டாள். பிள்ளையின்ர படிப்புக்காக இருந்த நாட்டையே விட்டுப்போட்டு வந்தனாங்கள். அவள் இண்டைக்கு லத்தீனிலை பட்டம் வாங்கி நிக்கிறாள்."

சனம் கை தட்டியது. மெலனிக்கு முதலில், அப்பா வேறு யாருடைய மகளைப் பற்றியோ சொல்கிறார் என்று தோன்றியது. பிறகு அவள் முகங்களைப் பார்த்தாள். யாருடைய முகத்திலும் வியப்பு இல்லை. பஸ்தியாம்பிள்ளை மாமா, தெரிந்த செபத்துக்குத் தலையாட்டுவதுபோல ஆட்டிக்கொண்டிருந்தார். முன் வரிசையில் அம்மா மடியில் கைகளை வைத்துக்கொண்டு இருந்தாள். எல்லாரும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். கேளாதவள் அவள் ஒருத்திதான்.

அவள் வெளியே வந்தாள். வாகனத் தரிப்பிடத்தில் ஜெனோசன் தன் குழந்தையின் தள்ளுவண்டியை மடித்துக் காருக்குள் வைத்துக்கொண்டிருந்தான். மனைவியும் பிள்ளையும் உள்ளே சாப்பாட்டில் இருந்தார்கள்.

"ஜெனோ, அப்பா இப்ப உள்ளை சொன்னதைக் கேட்டனியோ?"

"எத்தனை தரம் கேட்கிறது அக்கா," என்றான், நிமிராமல்.

"நான் கேட்டனான் எண்டு சொல்லுறார். லண்டனுக்கு வர."

"ஓம். அதுக்கு?"

"நான் எப்ப கேட்டனான்?"

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். அவனுக்கு இப்போது முப்பது வயது. ஆனால் அந்த முகம் மாமா வீட்டு மேல்மாடியில் கண் சிவந்து நின்ற முகம்போலவே இருந்தது.

"என்ன கதை கதைக்கிறாய்? நீ கேட்டனி எண்டுதான் அப்பா எங்களை இருத்தி வைச்சுச் சொன்னவர். உன்னோட இதைப் பற்றிக் கதைக்கக் கூடாது, அக்கா ஏற்கெனவே கவலையிலை இருக்கிறாள், நீங்கள் ஏதும் சொன்னால் மனம் மாறிப்போடுவாள் எண்டு சொன்னவர். நான் அழுதனான். என்ர டீமை விட்டுப்போட்டு வரச் சொன்னவையே, எனக்கு எப்படி இருந்திருக்கும்? சத்தியம் பண்ணிப்போட்டு நீதான் மாறினாய் எண்டு நினைச்சனான்."

மெலனி காரில் சாய்ந்து நின்றாள். "எனக்குக் கலியாணத்துக்கு எண்டுதான் சொன்னவர். கோட்டுக்கு அளவு எடுக்கிற வரைக்கும் எனக்கு ஒண்டும் தெரியாது."

"நீ என்னட்டை வந்து, முதலே தெரியுமோ எண்டு கேட்டனி."

"ஓம்."

"நடிக்கிறாய் எண்டு நினைச்சனான்," என்றான் ஜெனோசன். தள்ளுவண்டியின் சில்லைப் பிடித்துக்கொண்டு நின்றான். பதினெட்டு வருடம் அவள் அவனைத் துரோகி என்று நினைத்தாள். அதே பதினெட்டு வருடமும் அவனும் அவளை அப்படியே நினைத்திருக்கிறான். இரண்டு பேரையும் ஒரே வாய்தான் அப்படி நினைக்க வைத்தது.

அடுத்த நாள் பின்னேரம், தாய் கோயிலில் நவநாள் செபத்துக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து மெலனி பிளேஸ்டோ வீட்டுக்குப் போனாள். செபமாலைமுத்து முன்னறையில் வாசகம் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார். அவள் உட்காராமலே கேட்டாள். அவர் மறுக்கவில்லை. புத்தகத்தை மூடினார்.

"உங்கட அம்மா வரமாட்டன் எண்டு நிண்டவ. எனக்காக எண்டு சொன்னால் அசையமாட்டா. உன்ர பேரைச் சொன்னால்தான் வருவா. வேற வழி தெரியேல்லை."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீயும் மாட்டன் எண்டிருப்பாய்."

"ஓம். மாட்டன் எண்டிருப்பன். அதுக்குத்தானே கேட்கிறது, அப்பா."

அவர் மூடிய புத்தகத்தை மேசையில் வைத்தார். பிறகு, "உனக்கு விளங்காது பிள்ளை," என்றார். "நான் ஒரு வாத்தி. அங்கை வருத்தம் எண்டு டொக்டரிட்டைப் போனால் எனக்கு எங்கை நோகுது எண்டு உன்ர வாயாலை சொல்ல வேணும். உன்ர பள்ளிக்கூடத்திலை அந்த மனுசியோட வாதாடினதும் உன்ர வாயாலை. எனக்கு லத்தீன் தெரியும் எண்டு காட்ட, படம் காட்டுறவன் மாதிரிப் பூசை சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது. அண்டைக்குத்தான் முடிவெடுத்தனான். இந்த நாட்டிலை இருக்கிறேல்லை எண்டு."

அவளிடம் இருந்தவற்றில் மிக நல்ல நாள் அது. அவர் அதைத் தன் மிகக் கேவலமான நாளாக வைத்திருந்தார் என்பதை அவள் தாங்கிக்கொள்ளச் சற்று நேரம் எடுத்தது. அவர்மீது இரக்கமும் வந்தது. ஆனால் அந்த இரக்கம் வந்ததற்காகக் கோபம் போகவில்லை. இரண்டும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தன.

"அம்மாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ," என்றாள். "நான் சொல்ல மாட்டன். நீங்கள்தான் சொல்ல வேணும்."

சொல்கிறேன் என்றார். புரட்டாதி போனது, ஐப்பசி போனது. ஞாயிறு தோறும் மெலனி சாப்பிட வரும்போது தாயின் முகத்தைப் பார்ப்பாள். மெற்றில்டா வழக்கம்போலக் கறியைக் கோப்பையில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். அவர் சொல்லவில்லை என்று தெரியும். கார்த்திகையில் ஒருநாள் சமையலறையில் தாய் லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்றபோது, மெலனியே சொல்லிவிட்டாள். முழுவதையும் சொன்னாள்.

மெற்றில்டா கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"நீ கேட்டனி எண்டுதான் நான் பேக்கரியை விட்டனான்," என்றாள்.

"ஓம், அம்மா."

"கேட்டுப்போட்டு வந்து, இஞ்சை மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரியிறாள் எண்டு மனசுக்குள்ளை உன்னைத் திட்டாத நாள் இல்லை."

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியாது," என்றாள் மெற்றில்டா. கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதை மறைத்துக்கொண்டு புருசனுக்கு முன்னால் நின்றாள். "இஞ்சருங்கோ, பிள்ளை கேட்டவளோ?"

"அது பழைய கதை."

"கேட்டவளோ, இல்லையோ?"

"இல்லை," என்றார் செபமாலைமுத்து.

மெற்றில்டா சத்தம் போடவில்லை. திரும்பி வந்து லீக்ஸ் வெட்டி முடித்தாள். அன்றைக்குச் சமைத்தாள், அவருக்குப் போட்டும் கொடுத்தாள். ஆனால் அடுத்த ஞாயிறு கோயிலில் அவள் மகளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். செபமாலைமுத்து மறுபக்கம் தனியே இருந்தார். அதற்குப் பிறகு அது மாறவில்லை.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு எல்லாரும் பஸ்தியாம்பிள்ளை மாமா வீட்டில் கூடினார்கள். சாப்பாடு முடிகிற வேளையில் மாமா மெலனியைப் பார்த்து, "நீ அண்டைக்கு வாயைத் திறந்து கேட்டபடியாலைதானே பிள்ளை, இண்டைக்கு நாங்கள் எல்லாரும் ஒரு மேசையிலை இருக்கிறம்," என்றார் சந்தோசமாக.

மெலனி தகப்பனைப் பார்த்தாள். அவர் கையில் கிளாஸ் இருந்தது. இப்போது அவர் சொல்லலாம். ஒரு வரி போதும். அவள் காத்திருந்தாள். அவர் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்கேல்லை, மாமா," என்றாள் மெலனி.

மாமா பகிடி என்று நினைத்துச் சிரித்தார். "பிறகு ஆர் கேட்டது?"

செபமாலைமுத்து எழும்பி, தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சமையலறைப் பக்கம் போனார். மேசையில் தண்ணீர்ச் சாடி நிறைந்திருந்தது. மெலனிக்கு முகம் சுட்டது. எழும்பிப் போய்விடலாமா என்று அவள் யோசித்தபோது, எதிரே இருந்த ஜெனோசன் குழந்தையை மனைவியிடம் கொடுத்தான்.

"அக்கா கேட்கேல்லை மாமா," என்றான். "அவவுக்கு ஒண்டும் தெரியாது. அப்பா எங்கள் எல்லாருக்கும் பொய் சொன்னவர். எனக்கும் இப்பதான் தெரியும்."

மாமாவின் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. அவர் மெற்றில்டாவைப் பார்த்தார். அவள், ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு, ஆருக்கு இன்னும் சோறு வேணும் என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. சமையலறையில் குழாய் திறக்கிற சத்தமும் கேட்கவில்லை, மூடுகிற சத்தமும் கேட்கவில்லை. அவரைக் கூப்பிட ஒருவரும் எழும்பிப் போகவில்லை.